நூத்திப் பதினெட்டாம் நம்பர் காரோட டிரைவர் சீட்

டோரீன் டிரான்டர் ஒரு அங்குலத்துக்கு ஆறு தையல் போடுவா. நான் ஏழு. பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில உக்காந்து தைச்சோம், ஒரு நாளும் அவ ஏழு போட்டதில்ல. கேட்டா, "உக்காரப் போறவன் குனிஞ்சு எண்ணிப் பார்க்கப் போறானாடி?"ன்னுவா. பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவ மாதிரியே தைப்பா. நல்லவதான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ தையல் எது, என் தையல் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவியே சொல்லிடுவேன். இதை எதுக்கு முதல்லயே சொல்றேன்னா, பின்னாடி நடந்த அத்தனையும் இந்த ஒரு தையல் வித்தியாசத்துலதான் வெளியில வந்துச்சு.

என் பேரு எனிட் பார்ஜட்டர். எங்க ஸ்டவர்பிரிட்ஜ் ஊருக்கு வெளியில கின்வர் மோட்டார்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி இருந்துச்சு. பணக்காரங்க ராத்திரி லண்டன்ல ஏறி, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இத்தாலியில இறங்கற மாதிரி கார் செய்வோம். நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர், முன்னாடி ரெண்டு பேரு ராஜா மாதிரி சாஞ்சுக்கலாம், பின்னாடி ரெண்டு பேரு முழங்காலைக் கட்டிக்கிட்டு ஒண்டிக்கலாம். பத்து வருஷத்துல மொத்தம் இருநூத்தி நாப்பத்தி ஒரு கார். எல்லாமே கை வேலை. ஒரு காரோட கதவைக் கழட்டி இன்னொரு கார்ல மாட்டினா மூடாது, ஏன்னா ஒவ்வொரு உடம்பையும் ஒவ்வொரு ஆளு தட்டி எடுத்தது. எழுபத்தி மூணுல பெட்ரோல் விலை ஏறிச்சு, அதுக்கப்புறம் அந்த மாதிரி வண்டியைச் சீந்த ஆளில்ல. மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டிட்டாங்க. அதுக்காக நான் ஒண்ணும் உக்காந்து ஒப்பாரி வைக்கல. அடுத்த வாரமே ஒரு சோபா கம்பெனிக்குத் தைக்கப் போயிட்டேன்.

என் வீட்டுக்காரர் சிரிலும் அங்கதான் வேலை பார்த்தாரு. தகடு தட்டற ஆளு. மணல் நிரப்பின தோல் மூட்டை மேல அலுமினியத் தகட்டை வச்சு, மரச் சுத்தியலால தட்டித் தட்டி மட்கார்டு எடுப்பாரு. அவங்க பட்டறையில ஒரு சட்டம் உண்டு: எதுலயும் கை வைக்கறதுக்கு முன்னாடி அட்டை வெட்டிக்கணும். இருக்கற வளைவு மேல அட்டையை நிறுத்தி, அதே வளைவுக்கு வெட்டி எடுத்து வச்சுக்குவாங்க. அப்புறம் அசலு நசுங்கினாலும் தொலைஞ்சாலும், அந்த அட்டையை வச்சு அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சிடலாம். சிரில் இந்த விஷயத்துல ஒரு பைத்தியம். வீட்டுல கெட்டில் மூடி உடைஞ்சா அதுக்கும் முதல்ல அட்டைதான் வெட்டுவாரு.

தையல் போடற எங்களுக்கும் ஒரு பழக்கம் இருந்துச்சு. சீட்டைத் தைச்சு முடிச்சதும், அடியில இருக்கற சாக்குத் துணியில சாக்பீஸால அவங்கவங்க குறியைப் போடணும். தப்பு கண்டுபிடிச்சா யாரைத் திட்டணும்னு மேஸ்திரிக்குத் தெரிய வேணாமா? என் குறி மீன். டோரீனுக்கு மூணு படி ஏணி.

எங்களுக்கு ஒரே பையன், நைஜல். சின்ன வயசுல இடுப்பு எலும்புல ஒரு வியாதி வந்து, இடது கால் ஒண்ணரை அங்குலம் குட்டையாப் போச்சு. குருவி மாதிரி உடம்பு. எங்க உக்காந்தாலும் வலது பக்கமா சாஞ்சுதான் உக்காருவான். இருபது வயசுல ஒரு நாள் வாயெல்லாம் பல்லா வந்து நின்னான். "அம்மா, பியூட்லி பக்கம் ஒரு பண்ணையில கோழி அடைஞ்சு கிடந்த கின்வர் காரை வாங்கிட்டேன். நம்பர் நூத்திப் பதினெட்டு"ன்னான். போய்ப் பார்த்தா கரும்பச்சை வண்டி, உள்ள கருஞ்சிவப்புத் தோல், தோல் மேல ஒரு விரக்கடை கோழி எச்சம். சிரில் மட்கார்டுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "இது நான் தட்டினது"ன்னாரு. நான் டிரைவர் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன், அடியில என் மீன். "அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எனக்காகவே செஞ்சு வச்சிருக்கீங்க"ன்னு நைஜல் அன்னைக்கெல்லாம் சொல்லிக்கிட்டே திரிஞ்சான்.

பதினோரு வருஷம் அதை ஓட்டினான். பாதி நாள் ஓட்டுவான், பாதி நாள் தள்ளுவான். அவன் உக்காந்து உக்காந்து அந்த சீட்டுல ஒரு பள்ளம் விழுந்துச்சு. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மேடு. முன் ஓரத்துல பட்டாணி அளவுக்கு சிகரெட் சுட்ட ஓட்டை ஒண்ணு. "ஏன்டா, உங்கம்மா தைச்ச சீட்டுடா இது, சாம்பல் தட்ட உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"ன்னு திட்டினேன். சிரிச்சான்.

தொண்ணூத்தி மூணு நவம்பர்ல செத்துப் போயிட்டான். மத்தியானம் வேலை செய்யற இடத்துல சாண்ட்விச் சாப்பிட உக்காந்தவன் எந்திரிக்கல. மூளையில ஒரு நரம்பு வெடிச்சுடுச்சு. முப்பத்தியொரு வயசு.

சிரில் அழவே இல்ல. துக்கத்துக்கு வந்தவங்ககிட்ட, எந்த வழியா வந்தீங்க, ரோட்டுல கூட்டமான்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. அன்னையிலருந்து நைஜல்ங்கற பேரு அவரு வாயில வரவே இல்ல. 'பையன்'னுகூட சொல்ல மாட்டாரு. நான் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவாரு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு ஒரு தட்டைத் தூக்கி அவரு பின்னாடியே எறிஞ்சிருக்கேன். கதவுல பட்டு உடைஞ்சுது. மனுஷன் திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிட்டு மறுபடியும் போயிட்டாரு.

எனக்கு அந்த கார்தான் கல்லறை. ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவினதும் கராஜுக்குப் போவேன். பக்கத்து சீட்டுல உக்காந்து, கையை நீட்டி அந்தப் பள்ளத்துல வைப்பேன். உள்ளங்கை வலது பக்கம் இறங்கும், இடது பக்கம் ஏறும். அவன் இப்பத்தான் இறங்கி பெட்ரோல் போடப் போயிருக்கான்னு தோணும். ஒரு மணி நேரம் அழுதுட்டு வந்து டீ போடுவேன். எனக்கு அது போதும்.

ஒண்ணரை வருஷம் இப்படிப் போச்சு. தொண்ணூத்தி அஞ்சு வசந்தத்துல ஒரு நாள் சிரில் கராஜ்ல நின்னுக்கிட்டிருந்தாரு, கையில ஸ்பேனர்.

"வண்டி அழுகுது புள்ள. இரும்புச் சட்டத்து மேல அலுமினியம். ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டிருக்கு. இப்படியே விட்டா ரெண்டு வருஷத்துல ஒண்ணும் மிஞ்சாது"ன்னாரு.

"அதுக்கு?"

"பிரிச்சுப் புதுசு பண்றேன். அடுத்த வருஷம் ஜூலையில கிளப்புக்காரங்க எல்லா கின்வரையும் ஒரு இடத்துல கூட்டுறாங்க. அங்க நிறுத்துவோம்."

என்னத்தைச் சொல்ல! அந்தக் கிளப்புக்காரங்களைப் பத்தி எனக்குத் தெரியும், எல்லாரும் பழைய கின்வர் வச்சிருக்கறவங்க. கம்பெனி வாசல்ல இருந்து இன்னைக்குக் காலையில வெளியில வந்த மாதிரி இருந்தாத்தான் மார்க் போடுவாங்க. ஒரு கீறல் இருந்தா போச்சு. நைஜல் தொட்டது, உரசினது, சுட்டது, எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டுத்தான் வண்டியை நிறுத்த முடியும்.

"என்ன வேணா பண்ணிக்கோ. பெயிண்டை உரி, இன்ஜினைத் தூக்கு, கூரையைக்கூட அறுத்துக்கோ. டிரைவர் சீட்டுல மட்டும் கை வைக்கக் கூடாது. அதுக்கு எத்தனை மார்க் குறைச்சாலும் குறைக்கட்டும்"ன்னேன்.

"நான் எதுக்கு அதுல கை வைக்கப் போறேன்? தையல் உன் பாடு."

"சத்தியமா?"

"சத்தியமா."

தகடு தேய்க்கறப்போ தூசி பறக்கும்னு எல்லா சீட்டையும் கழட்டினாரு. மத்ததெல்லாம் மாடியறைக்குப் போச்சு. டிரைவர் சீட்டை மட்டும் போர்வையில சுத்தி, தள்ளுவண்டியில வச்சு, மேட்டுல நாங்க வாடகைக்கு வச்சிருந்த காய்கறித் தோட்டத்துக்குக் கொண்டு போனாரு. அங்க அவருக்கு ஒரு மரக் கொட்டகை உண்டு. "இங்க வச்சா தினமும் நாலு தடவை இடிப்பேன், அங்க பத்திரமா இருக்கும்"ன்னாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

அந்த வேலை எப்படி நடந்துச்சுன்னு நான் சொல்லியே ஆகணும், ஏன்னா அதுல ஒரு குறையும் கிடையாது. துருப்பிடிச்ச சட்டத்தை அங்குலம் அங்குலமா வெட்டிப் புதுசு வச்சாரு. கோழி கொத்தின கூரையைத் தட்டி நிமித்தினாரு. வலது மட்கார்டு அரிச்சுப் போயிருந்துச்சு, இடது பக்கத்துக்கு அட்டை வெட்டி அதைத் திருப்பிப் போட்டு வலது பக்கத்தைச் செஞ்சாரு. பெயிண்ட் மட்டும் பதினேழு பூச்சு. நான் பக்கத்து சீட்டு, பின் சீட்டு, கதவுத் தோல் எல்லாம் புதுசா தைச்சேன். ரெண்டு பேரும் ஒரே கராஜ்ல எட்டு மணி நேரம் நிப்போம். அந்த ஆணியைக் குடு, இதைப் பிடி, இவ்வளவுதான் பேச்சு.

காலையில மட்டும் ஒன்பது மணிக்கு மனுஷன் மேட்டுக்குக் கிளம்பிடுவாரு. பதினொண்ணுக்குத்தான் வருவாரு. மழையா, பனியா, ஒரு நாள் தப்பாது.

"ஜனவரியில அங்க என்னய்யா விளையுது, ஐஸா?"ன்னு கேட்டேன்.

"லீக் வெங்காயம் நட்டிருக்கேன் புள்ள."

"லீக்குக்கு ரெண்டு மணி நேரம் காவலா? எழுந்து நடந்து போயிடுமா அது?"

தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

சீட்டு என்னவோ செப்டம்பர்லயே திரும்பி வந்துடுச்சு. நான் ஓடிப்போய் பக்கத்துல உக்காந்து கையை வச்சேன். வலது பக்கம் இறங்கிச்சு, இடது பக்கம் ஏறிச்சு. பட்டாணி ஓட்டை அதே இடத்துல. அஞ்சு மாசம் கழிச்சு அவன் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. மனுஷன் வாக்கைக் காப்பாத்திட்டாருன்னு அன்னைக்கு அவருக்குப் பிடிச்ச இறைச்சி அடைச்ச பலகாரம் செஞ்சு போட்டேன். தலையைத் தூக்காமலே தின்னாரு.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்துச்சு. அன்னைக்கு வியாழக்கிழமை. சிரில் மேட்டுக்குப் போயிட்டாரு. டிரைவர் சீட்டோட முன் ஓரத்துல தையல் ரெண்டு அங்குலம் விட்டிருந்ததைப் பார்த்தேன். நாலு தையல் போட்டு இழுத்துட்டா போதும், பள்ளத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சீட்டை வெளியில எடுத்து, சமையலறை மேஜை மேல கவுத்தேன்.

அடியில ஏணி.

மூணு படி. டோரீனோட ஏணி.

விரலை ஓரத்துல ஓட்டினேன். ஆறு. திரும்ப ஓட்டினேன். ஆறுதான். பத்து மாசமா வாரா வாரம் அந்த சீட்டைத் தடவியிருக்கேன். ஒரு தடவைகூட தையலைத் தொட்டுப் பார்க்கத் தோணல. நான் தேடினது தையலையா? என் பிள்ளையைத்தானே தேடினேன்.

எனக்குப் புரிஞ்சுது இதுதான்: மார்க் போடற ஜட்ஜுக்கு அசிங்கமாத் தெரியும்னு நைஜலோட சீட்டைத் தூக்கிப் போட்டுட்டாரு. என் வாயை அடைக்க, எங்கயோ பழைய சாமான் சந்தையில இன்னொரு கின்வரோட சீட்டைப் பிடிச்சு, சிகரெட்டால சுட்டு, பள்ளம் பண்ணி, கொண்டு வந்து வச்சிருக்காரு. நானும் அதைத் தடவித் தடவி அழுதிருக்கேன், பைத்தியக்காரி! யாரோ ஒருத்தன் உக்காந்து எந்திரிச்ச சீட்டைத் தடவி!

தோல் அறுக்கற கத்தி கையிலயே இருந்துச்சு. இழுத்தேன். நடு மடிப்புல குத்தி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிழிச்சேன். உள்ள மஞ்சள் ஸ்பாஞ்ச், புதுசு. அடுக்கு அடுக்கா செதுக்கி ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொரு அடுக்குலயும் பென்சில்ல சிரிலோட கையெழுத்து, அளவு: இடது அரை, வலது ரெண்டேகால். களவாணிப் பய, எவ்வளவு கச்சிதமா ஏமாத்தியிருக்கான்னு இன்னும் வெறி ஏறிச்சு. கையால பிய்ச்சேன், கத்தியால அறுத்தேன். தோல், ஸ்பாஞ்ச், சாக்கு எல்லாத்தையும் கறுப்புப் பையில திணிச்சு, குப்பைத் தொட்டியில போட்டு, தொட்டியை உருட்டிக்கொண்டு போய் ரோட்டு ஓரத்துல விட்டேன். ஏப்ரன் பாக்கெட்டுல கத்தியைப் போட்டுக்கிட்டு மேட்டுக்கு ஏறினேன்.

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்துச்சு. உள்ள நாலு செங்கல் மேல ஒரு கருஞ்சிவப்பு சீட்டு. அதுல சிரில் உக்காந்திருந்தாரு, மடியில தொப்பி, பக்கத்துல டீ பிளாஸ்க். வலது பக்கமா சாஞ்சு, இடது தோளைத் தூக்கி உக்காந்திருந்தாரு. நைஜல் மாதிரி.

"எந்திரி"ன்னேன்.

"எனிட்..."

"எந்திரின்னேன்ல!"

எந்திரிச்சாரு. சீட்டைக் கவுத்தேன். என் மீன். வாலு பக்கம் கொஞ்சம் அழிஞ்சிருந்துச்சு, ஆனா என் மீன்தான். நிமித்தி வச்சுப் பள்ளத்துல கையை வச்சேன்.

கை எங்கயும் இறங்கல, எங்கயும் ஏறல. வலது பக்கத்துப் பள்ளம் இல்ல, இடது பக்கத்து மேடு இல்ல. நடுவுல வாணலி மாதிரி ஒரே ஒரு பெரிய குழி.

"எங்கய்யா அவன்?"ன்னு கத்தினேன். "என் பிள்ளை எங்க?"

சிரில் சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் பேசினாரு. "நான்தான் அழிச்சுட்டேன் புள்ள. ஒரே ஒரு தடவை உக்காரலாம்னுதான். இங்க கொண்டு வந்து வச்ச அன்னைக்கு. உனக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு. நான் எங்க போவேன்?"

"என் பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாமே. பின் சீட்டு சும்மாத்தானே கிடந்துச்சு!"

"நீ அழுவ. உன்னைப் பார்த்தா நானும் அழுவேன். நிறுத்த முடியாம போயிடுமோன்னு பயம்."

"மறு நாளும் ஏன் உக்காந்தே?"

"நாளையிலருந்து உக்கார மாட்டேன்னுதான் தினமும் சொல்லிக்குவேன். அவன் மாதிரியே சாஞ்சு உக்காந்து பார்த்தேன். அவன் குருவி, நான் மாடு. உள்ள ரப்பர் பழசு, மாவா உதிர்ந்துச்சு. ஒரு மாசத்துல வலது பக்கம் போச்சு. கோடைக்குள்ள எல்லாம் போச்சு."

அடிக்கணும் போல இருந்துச்சு. கட்டிக்கணும் போலவும் இருந்துச்சு. மூணு வருஷமா அழாத மனுஷன்னு நான் தட்டை எறிஞ்சேனே, அவரு தினமும் ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்து அழுதிருக்காரு. ஓரத்துத் தோல்ல கண்ணீர் பட்டுப் பட்டு வெளுத்திருந்துச்சு.

அப்போ அவரு திரும்பினாரு. முகத்துல ஒரு வெளிச்சம்.

"ஆனா அட்டை வெட்டிட்டேன் எனிட். உக்கார்றதுக்கு முன்னாடியே. கை வைக்கறதுக்கு முன்னாடி வெட்டணும்ல? அன்னைக்கே பதினாலு அட்டை, நீளவாக்குல ஏழு, குறுக்குவாக்குல ஏழு. பிரிஸ்டல் சந்தையில இன்னொரு சீட்டைப் பிடிச்சு, அந்த அட்டையை வச்சு உள்ள செதுக்கினேன். தோல் பழகறதுக்கு என் மணல் மூட்டையை வலது பக்கத்துல மூணு வாரம் வச்சிருந்தேன். உன்கிட்ட பொய் சொன்னது தப்புதான், திட்டு, அடி. ஆனா வண்டியில இருக்கறது ஒரு நூல் பிசகாது. அவன் எங்க அமுங்கினானோ அங்க அமுங்கும். இந்த சீட்டு வெறும் நான். அதுதான் அவன்."

ஏப்ரன் பாக்கெட்டுல இருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அந்த அட்டையெல்லாம் எங்க?"ன்னு கேட்டேன்.

"செப்டம்பர்லயே எரிச்சுட்டேன். உன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு."

பாக்கெட்டுல இருந்து கத்தியை எடுத்து, விதைத் தட்டுப் பக்கத்துல வச்சேன். அலகு முழுக்க மஞ்சள் ஸ்பாஞ்ச் துகள். சிரில் அதைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு.

"எப்போ?"

"இப்பத்தான். காலையில. ஏணியைப் பார்த்தேன்யா. ஏணியைப் பார்த்துட்டு நான்..."

"துண்டெல்லாம் எங்க?"

"குப்பைத் தொட்டியில."

"பரவாயில்ல. பரவாயில்ல புள்ள. எல்லாத்துலயும் அளவு எழுதியிருக்கேன். துண்டை ஒட்ட வச்சா எடுத்துடலாம்." தொப்பியை மாட்டிக்கிட்டே கேட்டாரு, "இன்னைக்கு என்ன கிழமை?" வியாழக்கிழமை. குப்பை லாரி வர்ற நாள்.

ரெண்டு பேரும் மேட்டுல இருந்து இறங்கினோம். ஓடினோம்னே சொல்லலாம், அறுபத்தியேழு வயசும் அறுபத்தி மூணு வயசும் ஓடற ஓட்டம். அவரு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போனாரு. எங்க தெரு முனையில திரும்பறப்பவே தெரிஞ்சுது. எல்லா வீட்டுத் தொட்டியும் மூடி திறந்து, கோணல்மாணலா நின்னுச்சு. சிரில் எங்க தொட்டிக்குள்ள தலையை விட்டுப் பார்த்தாரு. சாய்ச்சுப் பார்த்தாரு. கையை விட்டு அடி வரைக்கும் துழாவினாரு. ஒரு துகள் இல்ல.

"என்னைக் கொல்லு"ன்னேன். "சிரில், என்னைக் கொன்னு போடு."

"கெட்டிலைப் போடு புள்ள"ன்னாரு.

சமையலறையில அந்த மேஜைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்தோம். எனக்கு வெடிச்சுக்கிட்டு வந்துச்சு, அவருக்கும் வந்துச்சு. அவரு பயந்தது சரிதான், நிறுத்த முடியல. டீ ஆறி ஏடு படிஞ்சு போச்சு, ரெண்டு பேருமே குடிக்கல. ரெண்டு பேரும் அவனை விட்டுடக் கூடாதுன்னுதான் பிடிச்சோம். ஒருத்தரு உக்காந்து அழிச்சாரு, ஒருத்தி அறுத்து அழிச்சா. கேட்டா யாராவது நம்புவாங்களா?

பத்து நாள்ல புது டிரைவர் சீட்டு தைச்சேன். வேற என்ன செய்ய? வண்டியை டிரைவர் சீட்டே இல்லாம நிறுத்த முடியுமா? அங்குலத்துக்கு ஏழு தையல். அடியில மீன் போட்டேன். கொட்டகையில இருக்கறதை எடுத்துட்டு வந்து மாட்டிடலாமான்னு சிரில் கேட்டாரு. "வேணாம்யா, அது உன் சீட்டு"ன்னேன். மறுநாள்ல இருந்து அவரு மேட்டுக்குப் போனா லீக்குக்குத் தண்ணி ஊத்திட்டு அரை மணியில வந்துடுவாரு.

ஜூலை மாசம், உஸ்டர் பக்கம் ஒரு பெரிய மாளிகையோட புல்வெளி. முப்பத்தியாறு கின்வர் வந்திருந்துச்சு. ஜட்ஜ் பேரு லேத்பரி. வைக்கோல் தொப்பி, கையில எழுதற பலகை, நல்ல மரியாதையான ஆளு. ஒரு மணி நேரம் எங்க வண்டியைச் சுத்தி வந்தாரு. மட்கார்டுக்குக் கீழ கண்ணாடி வச்சுப் பார்த்தாரு. கதவை மூடி மூடித் திறந்து சத்தம் கேட்டாரு. கடைசியில டிரைவர் கதவைத் திறந்து, ரெண்டு விரலால சீட்டை அமுக்கினாரு. விரலை எடுத்ததும் தோல் கிண்ணுனு மேல வந்துச்சு.

"அற்புதம் மேடம். யாரும் ஒரு நாளும் உக்காந்ததே இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே எழுதினாரு.

பாராட்டுதான். அதை விடப் பெரிய பாராட்டு அந்த ஆளுங்ககிட்ட கிடையாது. சிரில் அந்தப் பக்கம் துடைக்கற துணியோட நின்னுக்கிட்டிருந்தாரு.

"உக்காந்தான்"ன்னாரு.

"என்ன சொன்னீங்க?"

"எங்க பையன். நைஜல்." மூணு வருஷத்துல அந்தப் பேரை நான் அவரு வாயிலருந்து கேட்டது அப்பத்தான். "பதினோரு வருஷம் உக்காந்து ஓட்டினான். இடது கால் கொஞ்சம் குட்டை அவனுக்கு. வலது பக்கமா சாஞ்சு உக்காருவான்."

லேத்பரி மறுபடியும் குனிஞ்சு சீட்டைப் பார்த்தாரு. பாவம், நல்ல மனுஷன், நிஜமாவே தேடினாரு. வலது பக்கம் பார்த்தாரு, இடது பக்கம் பார்த்தாரு.

"ஒண்ணும் தெரியலையே"ன்னாரு.

"ஆமா"ன்னாரு சிரில். "தெரியாது."

லேத்பரி தலையை ஆட்டி, சீட்டுக்கு முழு மார்க் போட்டுட்டு, அடுத்த காருக்குப் போனாரு.